மிகோனோஸ் போகும்போது தீனோஸ்: அரை நாள் போதுமா?

ஊர்க்குருவி

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் நானும் அம்மாவும் கிரேக்க நாட்டுக்குப் போகிறோம். ஏதென்ஸ், மிகோனோஸ், சாண்டோரினி என்று எல்லோரும் போகும் அதே சுற்றுதான். தீனோஸ் என்ற தீவில் பெரிய மாதா கோவில் இருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் வேளாங்கண்ணி போகிறவர், சும்மா விடுவாரா?

மிகோனோஸிலிருந்து கப்பலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் போலிருக்கிறது. காலையில் போய், கும்பிட்டுவிட்டு, மாலையில் திரும்பலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா? அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, அதிகம் ஏற முடியாது. சுத்த சைவம் வேறு.

கடலோடி

தாராளமாகப் போகலாம். துறைமுகத்தில் இறங்கியதுமே கோவில் தெரியும். நேர் எதிரே ஏறும் அகலமான சாலைதான் மெகலோஹாரி சாலை, சுமார் 800 மீட்டர். ஓரத்தில் நீளமாக ஒரு கம்பள விரிப்பு போட்டிருப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் துறைமுகத்திலிருந்து கோவில் வரை அதன்மேல் முழங்காலிட்டே போவார்கள். உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு "நானும்" என்று ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஏறுவது சிரமம் என்றால் துறைமுகத்திலேயே டாக்சி கிடைக்கும், கோவில் வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். பிரதான சன்னிதி மேல் தளத்தில், பளிங்குப் படிகளில் ஏற வேண்டும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து மாதா படத்தைக் கண்டெடுத்த இடத்தில் உள்ள சிறிய ஆலயம் கீழ்த் தளத்தில்தான். நீரூற்றும் அங்கேயே. புனித நீர் பிடிக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளைக் கடைத்தெருவில் விற்பார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

தெற்குவாசல்

கடலோடி சொன்னதெல்லாம் சரி. ஆனால் அரை நாள் திட்டத்துக்கு நான் எதிர்ப்பு. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் துறைமுகத்தையும் மெழுகுவர்த்திக் கடைகளையும் பார்த்துவிட்டு "தீனோஸ் ஒரு கோவில் ஊர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிக்லாடிஸ் தீவுக் கூட்டத்தில் பெரிய தீவுகளில் ஒன்று இது, கிட்டத்தட்ட 195 சதுர கிலோமீட்டர். உள்ளே மலைச்சரிவெல்லாம் கிராமங்கள். பளிங்கு செதுக்கும் ஊர் ஒன்று, கூடை முடையும் ஊர் ஒன்று, புறாக்கூண்டுகளுக்கென்றே ஒரு பள்ளத்தாக்கு. மிகோனோஸில் ஓர் இரவைக் குறைத்துவிட்டு இங்கே இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். தங்கும் செலவும் மிகோனோஸைவிடக் குறைவு.

ஊர்க்குருவி

அட, புறாக்கூண்டைப் பார்க்க இரண்டு இரவா?

தெற்குவாசல்

கூண்டு என்று நான் சொன்னது தப்பில்லை, ஆனால் நீங்கள் நினைக்கிற கூண்டு இல்லை அது. இரண்டு மாடிக் கல் வீடு. கீழே விவசாயச் சாமான், மேலே புறா. மேல் சுவர் முழுக்க மெல்லிய பலகைக் கற்களைச் சாய்த்தும் அடுக்கியும் முக்கோணம், சூரியன், சைப்ரஸ் மரம் என்று கோலம் போட்ட மாதிரி வைத்திருப்பார்கள். அந்தக் கோலத்தின் இடைவெளிதான் புறாவுக்கு வாசல். தீவு முழுவதும் 600க்கு மேல் இருக்கும். தரம்பாடோஸ் கிராமத்துக்குக் கீழே ஒரே பள்ளத்தாக்கில் வரிசையாகப் பார்க்கலாம்.

1207 முதல் 1715 வரை இந்தத் தீவு வெனிஸ்காரர்கள் கையில் இருந்தது. புறா வளர்ப்பது அப்போது பிரபுக்களின் உரிமை. இறைச்சிக்கும் ஆயிற்று, எரு வயலுக்கும் ஆயிற்று. 1715இல் துருக்கியர் வந்து பிரபுக்கள் போன பிறகு சாதாரணக் குடியானவர்களும் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடையும் வயலும் பக்கத்தில் இருக்கும்படி இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஐந்நூறு வருஷ வெனிஸ் ஆட்சியால் இன்னொரு விஷயமும் உண்டு. தீவில் கத்தோலிக்கர்கள் கணிசம். கத்தோலிக்கக் கிராமம் ஒன்று, அடுத்த மேட்டில் ஆர்த்தடாக்ஸ் கிராமம் ஒன்று என்று கலந்தே இருக்கும்.

வெயிலான்

ஆளாளுக்குப் புகழ்கிறீர்கள். நான் போனபோது அந்தக் கோவில் சாலை எனக்கு ஒட்டவே இல்லை. வெயிலில் ஒரு வயதான அம்மா முழங்கால் ரத்தத்தோடு தவழ்கிறார், பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு செல்போனில் படம் எடுக்கிறார்கள். ஆள் உயர மெழுகுவர்த்தியைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றினால், ஊழியர் வந்து கொஞ்ச நேரத்தில் பிடுங்கித் தொட்டியில் போடுகிறார். கண்டெடுத்த வருஷத்தையும் பாருங்கள். 1821இல் துருக்கிக்கு எதிராகக் கிரேக்க விடுதலைப் போர் தொடங்குகிறது, 1823இல் மாதா படம் மண்ணுக்குள்ளிருந்து கிளம்புகிறது. எவ்வளவு வசதி!

நெய்தல்

வெயிலான் சார், படம் எடுப்பது பற்றிய கோபம் நியாயம். தவழ்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது அசிங்கம்தான். மெழுகுவர்த்தியைப் பிடுங்குவதற்குக் காரணம் கூட்டம். அடுத்தவர் ஏற்ற இடம் வேண்டுமே. எடுத்த மெழுகை உருக்கித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

1823 பற்றிச் சொன்னதை அந்த ஊர்க்காரர்களே மறுக்க மாட்டார்கள். கெக்ரோவூனி மடத்துக் கன்னியாஸ்திரி பெலாகியாவின் கனவில் மாதா வந்து இன்ன வயலைத் தோண்டு என்று சொன்னதாக வரலாறு. தோண்டினார்கள், 1823 ஜனவரி 30 அன்று படம் கிடைத்தது. மண்வெட்டி பட்டு இரண்டாகப் பிளந்திருந்ததாம், ஒரு பாதியில் தேவதூதர், மறு பாதியில் மரியாள். போரின் நடுவே கிடைத்ததால் "நம் பக்கம் தெய்வம் நிற்கிறது" என்று நாடே எடுத்துக்கொண்டது. போர்த் தளபதிகள் எல்லாம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25தான் கிரேக்கத்தின் தேசிய தினமும். அங்கே மதத்தையும் நாட்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

1940 ஆகஸ்ட் 15 அன்று நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். மாதா திருநாளுக்கு மரியாதை செலுத்த 'எல்லி' என்ற கிரேக்கப் போர்க்கப்பல் தீனோஸ் துறைமுகத்தில் நின்றிருந்தது. கரையெல்லாம் யாத்திரிகர்கள். இத்தாலிய நீர்மூழ்கி ஒன்று அதை டார்பிடோ வைத்து மூழ்கடித்தது, ஒன்பது பேர் இறந்தார்கள். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் அப்போது போரே தொடங்கவில்லை, அது அக்டோபர் 28இல்தான் தொடங்கியது. கோவில் வளாகத்தில் எல்லியின் நினைவிடம் இருக்கிறது. இன்றும் ஆகஸ்ட் 15 ஊர்வலம் துறைமுகம் வரை இறங்கி வரும், கப்பலில் இறந்தவர்களுக்காகக் கடலில் மலர்வளையம் போடுவார்கள்.

கடலோடி

நெய்தல் சொன்னதோடு ஒன்று. யாத்திரை அந்தத் தீவுக்குப் புதிதே இல்லை. ஊரிலிருந்து மேற்கே கொஞ்சம் தள்ளி கியோனியா என்ற இடத்தில் கடல் கடவுள் பொசைடனுக்கும் அவர் மனைவி அம்ஃபித்ரீதேவுக்கும் கட்டிய பழைய கோவிலின் இடிபாடு கிடக்கிறது. கடல் கடவுளைத் தீனோஸில் வைத்தியராகக் கும்பிட்டிருக்கிறார்கள்! நோய் தீர வெளியூரிலிருந்து ஆட்கள் அப்போதே கப்பலேறி வந்திருக்கிறார்கள். ஆக, யாத்திரிகர் கொண்டுவரும் காசுக் கணக்கில் பார்த்தால் வெயிலான் சொல்லும் அந்த "வசதி" 2000 வருஷத்துக்கு மேல் பழையது.

வெயிலான்

ஹா ஹா, சரி. பொசைடன் கோவிலில் ஐஸ்கிரீம் விற்கவில்லை என்ற அளவில் சமாதானம்.

ஊர்க்குருவி

அம்மாவிடம் இழையை வாசித்துக் காட்டினேன். எல்லி கப்பல் கதையைக் கேட்டு உச்சுக் கொட்டினார். "வெள்ளியில் கண்ணு, காலு வாங்கிப் போடுவாங்களா அங்கேயும்?" என்று கேட்கிறார்.

நெய்தல்

போடுவார்கள்! தாமா என்று பெயர். கண், கால், கை, குழந்தை, வீடு என்று பதித்த மெல்லிய தகடுகள். கோவிலுக்குள் தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து நூற்றுக்கணக்கில் வெள்ளி விளக்குகள் தொங்கும், ஒவ்வொன்றின் கீழும் நேர்த்திக்கடன் பொருள் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். நிறைய கப்பல்கள். அதில் ஒரு கப்பலின் அடிப்பக்கத்தில் ஓட்டையை அடைத்தபடி ஒரு மீன் இருக்கும். புயலில் கப்பல் ஓட்டையாகி மூழ்கப் போனபோது பெரிய மீன் ஒன்று வந்து ஓட்டையில் சிக்கி அடைத்துக்கொண்டதாம், பிழைத்தவர்கள் செய்து வைத்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி ஆரஞ்சு மரம். பார்வையில்லாத ஒருவர் "கண் தெரிந்தால் முதலில் எதைப் பார்க்கிறேனோ அதையே செய்து வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு, முதலில் பார்த்தது ஆரஞ்சு மரமாம்.

மூலப் படம் மட்டும் சரியாகத் தெரியாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொன்னும் மணியும் அவ்வளவு மூடியிருக்கிறது.

கல்தச்சன்

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். கோவிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பளிங்கு செதுக்கும் ஊரான பீர்கோஸின் பெயரை யாரும் சொல்லவில்லை!

துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் போகலாம், சுமார் 25 கிலோமீட்டர். பஸ் நிறுத்தத்திலிருந்து சதுக்கத்து நீரூற்று வரை எல்லாம் பளிங்கு. எந்த வீட்டு வாசலுக்கு மேலேயும் அரைவட்டமாகத் துளை போட்டுச் செதுக்கிய ஒரு பளிங்குப் பலகை இருக்கும். பாய்மரக் கப்பல், இரண்டு பறவை, பூந்தொட்டி, சைப்ரஸ். நிலைக்கல்லின் மேல் பாரம் இறங்காமல் காக்கிறது, உள்ளே வெளிச்சமும் காற்றும் விடுகிறது, கண்ணேறும் கழிக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள், கப்பலின் கயிற்றை விரல் தடிமனுக்கும் குறைவாக விட்டுச் சுற்றிலும் குடைந்திருப்பார்கள். பளிங்கில் ரேகை ஓடும் திசை தெரியாமல் உளி வைத்தால் அந்தக் கயிறு அந்த இடத்திலேயே போயிற்று. கல்லைத் தட்டி ஒலியைக் கேட்டே உள்ளே விரிசல் உண்டா என்று சொல்லும் தொழில் இது.

ஏதென்ஸ் 1834இல் தலைநகரமானதும் அரண்மனை, பல்கலைக்கழகம், மாளிகை என்று கட்டித் தள்ளினார்கள். பளிங்கு வேலைக்குத் தீனோஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இன்றும் அக்ரோபோலிஸ் சீரமைப்பில் பீர்கோஸ் பள்ளியில் படித்த கைகள் இருக்கின்றன. அந்தக் கலைப்பள்ளி 1955 முதல் நடக்கிறது. பழைய பட்டறைகளில் பையன் முதலில் தரையைப் பெருக்குவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இப்போது பெண்களும் உளி பிடிக்கிறார்கள். 2015இல் தீனோஸ் பளிங்குக் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஊரின் மேல் கோடியில் பளிங்குக் கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது, சுரங்கத்திலிருந்து கல்லை எப்படி இறக்கினார்கள் என்பது முதல் காட்டுகிறார்கள். கட்டாயம் பாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தெற்குவாசல்

ஹலேபாஸ் வீட்டை விட்டுவிட்டீர்களே.

கல்தச்சன்

விடவில்லை, தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

யானூலிஸ் ஹலேபாஸ், 1851இல் பீர்கோஸில் பிறந்தவர். அப்பா பெரிய பளிங்கு வியாபாரி. ஏதென்ஸிலும் மூனிக்கிலும் படித்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் ஒரு இளம்பெண்ணின் கல்லறைக்காக 'தூங்கும் பெண்' சிலையைச் செய்தார். ஏதென்ஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, முடிந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். தலையணையில் தலை அழுந்திய பள்ளம் வரை செய்திருக்கிறார். அதோடு மனம் பிசகிவிட்டது. செய்த சிலைகளைத் தானே உடைத்தார். 1888இல் கோர்ஃபு தீவின் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், 1902 வரை அங்கேதான். அப்புறம் அம்மா ஊருக்கு அழைத்து வந்துவிட்டார். சிற்பம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று அந்த அம்மாவுக்கு உறுதி. களிமண்ணில் எதையாவது பிடித்து வைத்தால் உடைத்துப் போட்டுவிடுவாராம். மனிதர் ஆடு மேய்த்தார். 1916இல் அம்மா இறந்த பிறகு, அறுபத்தைந்து வயதில், திரும்ப ஆரம்பித்தார். 1930இல் சொந்தக்காரர்கள் ஏதென்ஸுக்கு அழைத்துப் போக, 1938இல் இறக்கும்வரை கை ஓயவில்லை. பிற்கால வேலைகளில் இளமைக் காலத்து மெருகு கிடையாது, கரடுமுரடு. எனக்கு அவைதான் பிடிக்கும். பீர்கோஸில் அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அறை சின்னது, கட்டில் சின்னது. அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வெளியே வருபவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லாமல் வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஊர்க்குருவி

கல்தச்சன் அண்ணா, இதற்கே ஒரு நாள் எழுதிவிட்டேன். கூடை முடையும் ஊர் என்று சொன்னீர்களே, அது?

தெற்குவாசல்

வோலாக்ஸ். கத்தோலிக்கக் கிராமம், ரொம்பச் சின்னது. சுற்றிலும் யானை அளவில் உருண்டைக் கருங்கற்கள், வீடுகளே அந்தக் கற்களுக்கு நடுவில் இடம் கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கும். கருங்கல் வெயிலிலும் மழையிலும் விளிம்பு தேய்ந்து தேய்ந்து உருண்டையானது. ஊர்க் கதை வேறு, அசுரர்கள் எறிந்து சண்டை போட்டது என்பார்கள். பழைய வீட்டுக் கதவுகளில் கவிதை வரிகளை எழுதி வைத்திருப்பார்கள். கூடை முடைகிறவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுதான். வாங்குவதானால் முடைபவர் கையிலிருந்தே வாங்குங்கள். சீஸ் வடிய வைத்துத் தொங்கவிடும் சின்னக் கூடை அழகாக இருக்கும், பெட்டியிலும் அடங்கும்.

ஏதென்ஸ்வாசி

சாப்பாடு என் இலாகா. ஏதென்ஸில் வேலை, தீனோஸுக்கு சாப்பிடுவதற்காகவே போகிற ஆள் நான்.

முதலில் அசைவக்காரர்களுக்கு. லூசா, பன்றியின் முதுகுச் சதையை உப்பிலும் ஒயினிலும் ஊறவைத்து மசாலா தடவிக் காற்றில் உலர்த்தியது, தாள் போலச் சீவித் தருவார்கள். ஃப்ரூதாலியா என்பது முட்டை, உருளைக்கிழங்கு, உள்ளூர் சாசேஜ் போட்ட கனமான ஆம்லெட். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு ஆகும்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. தீனோஸ் ஆர்டிசோக் பேர் போனது. ஆனால் அது வசந்த காலத்துக் காய், மே மாதம் கோமி கிராமத்தில் அதற்கென்றே விழா நடக்கும். செப்டம்பரில் எண்ணெயில் ஊறப்போட்டதுதான் கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். கொத்தாகக் காட்டுச் சோம்புக்கீரை அரிந்து போட்ட வடை, வெயிலில் உலர்த்திய தக்காளி வடை, கேப்பர் (உப்பில் ஊறப்போடும் பூ மொட்டு), ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியல் (நம் ஊர்ப் பருப்புக் கடைசல்தான், வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் மேலே), சோறு அடைத்த தக்காளி குடைமிளகாய். பட்டினி கிடக்க மாட்டார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. சைவம் கேட்டால் சிலர் "நிஸ்தீசிமோ இருக்கிறது" என்பார்கள். நோன்பு காலச் சாப்பாடு அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் ஆக்டோபஸ், கணவாய், சிப்பி எல்லாம் நோன்புக்கு ஆகும்! ஆகவே அதை மட்டும் நம்பி ஆர்டர் செய்துவிடாதீர்கள், கடல் பிராணி வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சீஸில் மாட்டு வயிற்றிலிருந்து எடுக்கும் உறையூட்டி பெரும்பாலும் சேர்ப்பார்கள், அம்மா அந்த அளவு பார்ப்பவர் என்றால் தவிர்த்துவிடலாம்.

பார்க்க மாட்டார் என்றால் தீனோஸ் சீஸ் அமர்க்களம். பல தீவுகளில் ஆடு, இங்கே மலைச்சரிவில் மாடு மேய்கிறது. கிராவியேரா லேசாக இனிக்கும். கோபனிஸ்தி வேறு ரகம். திரும்பத் திரும்பப் பிசைந்து வைத்துப் புளிக்க விடுவார்கள், நாக்கில் மிளகு வைத்த மாதிரி சுரீரென்று ஏறும். மிளகு ஒரு துளி கிடையாது, புளிப்பின் வேலை. காய்ந்த ரொட்டி, தக்காளி, மேலே கொஞ்சம் கோபனிஸ்தி, போதும். பீர்கோஸ் சதுக்கத்துப் பெரிய மரத்தடியில் உட்கார்ந்து கலக்தோபூரிகோ சாப்பிடாமல் வராதீர்கள். ரவையும் பாலும் சேர்ந்த கஸ்டர்டை மெல்லிய மாவுத் தாளில் வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றியது. கல்தச்சன் அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியம்.

கல்தச்சன்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அண்ணாச்சி. வயிற்றெரிச்சலில் விட்டேன்.

கடலோடி

கப்பல் பற்றி. நீங்கள் மிகோனோஸ் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. தீனோஸில் விமான நிலையம் கிடையாது, ஆனால் ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து ரஃபீனா துறைமுகம் பக்கம், பஸ் இருக்கிறது. அங்கிருந்து சாதாரணக் கப்பலில் சுமார் நான்கு மணி நேரம், வேகப் படகில் அதில் பாதி. முதலில் தீனோஸ், அங்கிருந்து மிகோனோஸ், பிறகு சாண்டோரினி என்று வைத்தால் ஒரே திசையில் போகும்.

காற்றை மறக்காதீர்கள். மெல்தெமி என்ற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் உக்கிரம். செப்டம்பரில் தணியும், ஆனாலும் சொல்ல முடியாது. காற்றுக் கடவுள் அயோலோஸ் குடியிருக்கும் மலையே இந்தத் தீவில்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? காற்று எல்லை மீறினால் துறைமுகத்திலேயே கப்பலை நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, டிக்கெட் விற்ற ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. வயதானவர் கூட வருகிறார் என்பதால் சாதாரணப் பெரிய கப்பலே நல்லது, ஆட்டம் குறைவு. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள்.

வெயிலான்

ஆகஸ்ட் 15 வாக்கில் யாராவது போகலாம் என்று இதைப் படித்தால், நான் சொல்வது: அறை கிடைக்காது, கப்பலில் இடம் கிடைக்காது. ஜனங்கள் கோவில் முற்றத்திலும் தெருவோரத்திலும் படுத்துக் கிடப்பார்கள். ரோமா (ஜிப்சி) மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். ஊர்வலத்தில் படம் தங்கள் மேலாகக் கடந்து போகட்டும் என்று வழிநெடுக வரிசையாகக் குனிந்து கிடப்பார்கள். எனக்கு ஒட்டவில்லை என்று சொன்னேனே தவிர, பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லவில்லை.

ஊர்க்குருவி

திட்டத்தை மாற்றிவிட்டேன். ரஃபீனாவிலிருந்து நேரே தீனோஸ், இரண்டு இரவு. முதல் நாள் கோவில், கியோனியா. இரண்டாம் நாள் கார் எடுத்து தரம்பாடோஸ், வோலாக்ஸ், பீர்கோஸ். அது செவ்வாயாக வராமல் பார்த்துவிட்டேன். கெக்ரோவூனி மடத்தையும் அம்மா சேர்க்கச் சொல்கிறார், பெலாகியாவின் அறையைப் பார்க்க வேண்டுமாம். கடைசியாக ஒரு கேள்வி, கோபனிஸ்தி வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாமா?

ஏதென்ஸ்வாசி

மடம் மலைமேல் வெள்ளையடித்த சின்னக் கிராமம் போல இருக்கும், உள்ளே சந்துகளில் படிகள் அதிகம். அம்மாவை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.

கோபனிஸ்தி வேண்டாம். குளிரில் வைக்காவிட்டால் பெட்டிக்குள் மேலும் புளித்து, துணியெல்லாம் அதே வாசனை வரும். அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். உப்பில் போட்ட கேப்பர் வாங்குங்கள், கெடாது, கழுவிவிட்டுத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.